மடியில் ஒரு அடுப்பு



சென்ற முறை ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி எழுதினோம். இம்முறை லப்டொப் பற்றி எழுதுகிறோம். புதிதாக வந்து குடியமர்ந்த வீடுகளில் கட்டிலுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அடுத்ததாகக் காசு சேர்த்து வாங்கும் சாமான் இப்போது இதுதான். வாங்கிய முதல் கிழமையிலேயே "இது ஏன் இப்படிச் சுடுகிறது?" என்று பயந்துபோன குடும்பங்கள் பலவற்றை நமக்குத் தெரியும். நாமும் பயந்தவர்கள்தான்.

நாம் கணினி படித்தவர்கள் அல்லர். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இங்கே ருவைஸில் பிளாஸ்டிக் மணிகளை உருக்கும் இயந்திரத்தோடு நிற்கிறோம். இயந்திரத்தின் சூடு 200 பாகைக்கு மேல் ஏறினாலும் எமக்குப் பதற்றமில்லை. ஆனால் போன யூலை மாதம் அக்காவின் மகளுக்கென்று வாங்கிய லப்டொப் கைச்சூட்டைக் கொஞ்சம் தாண்டியதும் அன்றிரவு நித்திரை வரவில்லை. பிள்ளை கிளிநொச்சியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். விலை எமது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஓகஸ்ட் லீவில் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, மேல் கட்டிலில் ஏறிப் போர்வையின்மேல் லப்டொப்பை வைத்துத் திறந்தோம். அரை மணித்தியாலத்துக்குள் அடிப்பக்கம் தோசைக்கல்லாகிவிட்டது. விசிறி இரைந்தது. எழுத்தொன்றைத் தட்டினால் அது திரையில் வர நேரம் எடுத்தது. அறையில் இருக்கும் மற்ற மூவரும் மூன்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒருவர் ஆணியைக் கழற்றிப் பார்ப்போம் என்றார். மற்றவர், "நாளைக்கு பக்ரறிக்குக் கொண்டு வாங்கோ அண்ணை, கொம்பிரஸர் காற்று அடிச்சால் சரியாகும்" என்றார்.

அந்தக் கொம்பிரஸர் கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். முந்திய வருடம் வேறொரு நண்பரின் பழைய லப்டொப்புக்கு நாமே அப்படிக் காற்றடித்தோம். தூசி பறந்தது. கூடவே உள்ளே இருந்த சின்ன விசிறியின் இதழும் முறிந்தது. பக்ரறிக் காற்றின் வேகம் அந்த விசிறிக்குத் தாங்காது. குழாய்க்குள் தண்ணீரும் எண்ணெயும்கூடக் கலந்து வரும். இரண்டாந்தரம் அந்தப் பிழையைச் செய்ய மனம் வரவில்லை. ஆணியையும் தொடவில்லை. நாமே திறந்த பெட்டியைக் கடைக்காரர் பொறுப்பெடுக்க மறுத்தால் யாரிடம் போவது?

வெள்ளிக்கிழமை பசாரில் திருத்தவேலை செய்யும் மலையாளி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டது விலையையும் அல்ல, கொம்பனிப் பெயரையும் அல்ல. "எங்கே வைத்துப் பாவித்தீர்கள்?" என்று கேட்டார். போர்வையில் என்றோம். சிரித்தார். லப்டொப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்திலிருந்த சின்னச் சின்னத் துவாரங்களைக் காட்டினார். காற்று அந்த வழியாக உள்ளே போகிறது, சூடாகி ஓரத்தாலோ பின்னாலோ வெளியே வருகிறது. போர்வை மூக்கைப் பொத்திவிட்டது.

எமக்கு வெட்கமாகப் போய்விட்டது. மோட்டர்களின் காற்று வழியில் சாக்குத் துண்டு கிடந்தால் புதுப் பொடியன்களை ஏசுகிறவர்கள் நாம். அதைவிட, சூடு வெளியேற வழியில்லாமல் கிடப்பது என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் மத்தியானம் இருந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஏறிய வெக்கை இரவானாலும் இறங்காது. அடித்துணியைச் சுருட்டிக் கட்டிக் காற்று வர விட்ட பிறகுதான் குழந்தைகள் அழுகையை நிறுத்தும்.

அந்த மலையாளி சொன்னதையும் பிறகு நாம் வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். லப்டொப் சூடாவது நோய் அல்ல. அதன் மூளையான புரொசெஸர் வேலை செய்தால் சூடு வரும். அந்தச் சூட்டைச் செம்புக் குழாயொன்று விசிறிக்குக் கொண்டுபோகும். பல புரொசெஸர்களுக்கு 100 பாகை அளவில்தான் எல்லை, அதாவது தண்ணீர் கொதிக்கும் சூடு. எல்லையை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் தானே நின்றுவிடும். அன்றிரவு எழுத்து பிந்தி வந்ததற்குக் காரணம் இந்த வேகக் குறைப்புத்தான். இந்த நாட்டில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா? லப்டொப் அந்தச் சட்டத்தைத் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறது. கங்காணியிடம் கேட்பதில்லை.

இன்னொன்று. புதுச் சாமான் முதல் இரண்டு மூன்று நாள் அதிகம் சுடும். வின்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் தேடும். நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்ற பட்டியல் வரும். புதுப்பிப்பு முடியும்வரை மேசையில் வைத்து, சார்ஜரில் போட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். அதன் பிறகும் ஒன்றும் செய்யாத நேரத்தில் விசிறி இரைந்தால், பில்லை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் நாள் கடக்குமுன் கடைக்குப் போங்கள்.

நாம் என்ன செய்தோம்? தண்ணீர்ப் போத்தல் மூடிகள் இரண்டைப் பின்பக்க ஓரத்தின் கீழே, துவாரம் மறையாமல், வைத்தோம். அடியில் காற்றுப் போனது, இரைச்சல் குறைந்தது. கூலிங் பாட் என்று விற்பதை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பல லப்டொப்புகளின் கைநூலில் பாவிக்கும் இடத்தின் சூடு 35 பாகைக்கு மேற்படக்கூடாது என்று இருக்கும். வளைகுடா வெயிலில் வெளியே வைத்துப் பாவிப்பது சரிவராது. நிறுத்திய காருக்குள் விட்டுப் போவது இன்னும் மோசம். கோடையில் உள்ளே 60 பாகையும் தாண்டும். பற்றரியின் ஆயுளைத் தின்பது அந்தச் சூடுதான்.

பயப்படவேண்டிய சூடு வேறு. பற்றரி வீங்கினால் அடிப்பக்கம் புடைக்கும், மூடி சரியாக மூடாது, விரலால் தடவும் பட்டை மேலே தள்ளும், மேசையில் வைத்தால் ஆடும். அப்படிக் கண்டால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போட வேண்டாம், குத்த வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். 2006 ஓகஸ்டில் டெல் நிறுவனம் சோனி செய்த பற்றரிகளில் 41 இலட்சத்தைத் திருப்பி அழைத்தது. பற்றரிக்கு உள்ளே கலந்திருந்த உலோகத் துகள்கள்தான் தீப்பிடிக்கக் காரணமாயின. பெரிய கொம்பனிச் சாமானிலும் இது நடக்கும்.

பிள்ளைகள் மடியில் வைத்து மணிக்கணக்காக விளையாடுவதையும் கவனியுங்கள். சுவிஸில் பாசல் நகர வைத்தியர்கள் 2010இல் ஒரு 12 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்காக லப்டொப்பை மடியில் வைத்து விளையாடியதில் அவனுடைய தொடைத் தோல் வலைபோல் நிறம் மாறியிருந்தது. கொப்புளம் போடாத சூடும் நாள்பட்டால் தோலில் எழுதிவிடும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல். லப்டொப்பைக் கைப்பையிலேயே வையுங்கள். வாங்கும்போதே உத்தரவாதம் இலங்கையிலும் செல்லுமா என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். நாம் கேட்கவில்லை. எமது பில்லில் இந்த நாடு மட்டும்தான் என்று சின்ன எழுத்தில் இருந்ததை விமானத்தில் ஏறிய பிறகுதான் வாசித்தோம்.

அக்கா வீட்டுக் கூரை தகரம். மத்தியானத்தில் லப்டொப்பைத் திறக்க வேண்டாம், விடியப்புறம் படி என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தோம். போன கிழமை கூப்பிட்டாள். "மாமா, லப்டொப் சுடேல்லை. ஆனா அம்மா அந்த ரெண்டு மூடியையும் குப்பை எண்டு எறிஞ்சிட்டா. இப்ப கொப்பி மட்டையை மடிச்சு வைச்சிருக்கிறன், பரவாயில்லையோ?"

துவாரத்தை மறைக்காவிட்டால் பரவாயில்லை என்றோம்.