படம் பைலுக்குள்ளேயே இருக்கட்டும்

பாடசாலை விழா மலர், விளையாட்டுப் போட்டிப் பதாகை, கழக நோட்டீஸ் என்று ஊரில் எப்போதும் ஏதாவது டிசைன் வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் நம்ம தம்பிமாரும் தங்கச்சிமாரும்தான் செய்கிறார்கள். அழகாகவும் செய்கிறார்கள். ஆனால் பைலைக் கைமாற்றும்போது ஒரு விசயத்தை நாம் யாரும் கேட்பதில்லை: படங்கள் அந்தப் பைலுக்குள் இருக்கின்றனவா?

வரையும் மென்பொருளில் ஒரு படத்தைக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்று லிங்க். படம் எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்ற முகவரியை மட்டும் பைல் வைத்துக்கொள்ளும். மற்றது எம்பெட். படமே பைலுக்குள் வந்துவிடும். செய்தவரின் கொம்பியூட்டரில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அச்சகத்தில் திறக்கும்போதுதான் வித்தியாசம் விளங்கும். முகவரி இருக்கும், வீடு இருக்காது.

பதாகை என்றால் அன்றைக்கே திரும்ப வாங்கிக் கொடுக்கலாம். விழா மலர் அப்படியல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நம்மை விட்டுப் பிரிந்த அதிபர்கள், முதல் தொகுதி மாணவர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்த போட்டோக்கள் அவை. 50 ஆவது ஆண்டு மலரை 75 ஆவது ஆண்டில் திறக்கும்போது வெறும் கட்டங்கள் மட்டும் இருந்தால், அந்த முகங்களை எங்கே போய்த் தேடுவது?

வேலை பெரிதல்ல. இன்ஸ்கேப் இலவசம். படத்தை இம்போர்ட் செய்யும்போதே எம்பெட்டா லிங்க்கா என்று அது கேட்கும். இல்லஸ்ட்ரேட்டரில் பிளேஸ் செய்யும்போது லிங்க் என்ற இடத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே லிங்க் ஆகியிருந்தால் லிங்க்ஸ் பெனலில் எம்பெட் கொடுக்கலாம். கோரல் ட்ரோவில் சாதாரணமாக இம்போர்ட் செய்தாலே படம் உள்ளே வந்துவிடும்.

"பைல் பாரமாகிவிடுமே" என்பார்கள். உண்மைதான். இன்ஸ்கேப்பின் எஸ்விஜி பைலில் படம் எழுத்துகளாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகிறது. 3 பைட் 4 எழுத்தாகும். 3 எம்பி போட்டோ 40 போட்டால் 120 எம்பி, பைலில் 160 எம்பி ஆகும். பழைய கொம்பியூட்டர் திணறும். படத்தைத் திருத்தினால் லிங்க்கில் தானாக மாறும், எம்பெட்டில் மாறாது என்பதும் சரியே. ஆகவே வேலை நடக்கும் மட்டும் லிங்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கையைவிட்டுப் போகும் பிரதியையும் பாதுகாக்கும் பிரதியையும் எம்பெட் செய்யுங்கள். பிறகு தேவைப்பட்டால் இன்ஸ்கேப்பில் உள்ளே இருக்கும் படத்தை வெளியே எடுக்கவும் முடியும்.

இன்னொன்று. வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிச் சுருங்கிய படத்தை எம்பெட் செய்வதால் அது தெளிவாகிவிடாது. மூலப்படத்தை டொகியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் அதிபர்மாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். டிசைனுக்குக் காசு கொடுக்கும்போது பீடீஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். படங்கள் உள்ளடங்கிய மூலப் பைலையும் கேளுங்கள். அதை வேறொரு கொம்பியூட்டரில் திறந்து பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். இது சந்தேகப்படுவதல்ல, பொதுச் சொத்தைப் பொறுப்பெடுப்பது.

டிசைன் செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே சொல்லுங்கள்.