காதுக்குள்ளே கல்!

படுக்கையில் புரண்டதும் வீடே சுழல்கிறதா? "பிரஷர் கூடிவிட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! கோளாறு உட்காதில் இருக்கலாம்.

அங்கே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் பளிங்குகள் ஆயிரக்கணக்கில் ஒரு பசைப் படலத்தின்மேல் அமர்ந்துள்ளன. தலை சாய்ந்தால் அவையும் சரிந்து, அடியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கும். மேலெது, கீழெது என்று மூளை அறிவது இப்படித்தான்.

வெறும் சுண்ணாம்பென்று எண்ண வேண்டாம். இவற்றைப் பகுத்தாய்ந்தபோது புரதங்களும் அகப்பட்டன. முக்கியமானது ஒட்டோகொனின்-90. இப்புரதம் இல்லாத எலிகளை 2007இல் ஆராய்ந்தார்கள். நுண்மணிகளுக்குப் பதிலாகப் பெருங்கற்கள்! பாவம், அந்த எலிகள் நிலைதடுமாறின. ஒட்டோலின் என்ற மற்றொரு புரதம் நமது இரத்தத்திலும் தென்படுகிறது. மணிகள் இடம்பெயர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கே இத்தொல்லை அதிகம். மணிகள் கழன்று அரைவட்டக் குழாய்களுக்குள் விழுந்துவிடுகின்றன. விற்றமின் டீ குறைந்தவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வரலாம். மாத்திரையைவிட, தலையை முறையாகத் திருப்பி மணிகளை வெளியேற்றும் எப்லி முறையே கைகொடுக்கும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்டது இது. முதற்தடவை வைத்தியரிடமே செய்துகொள்ளுங்கள். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலோ, கைகால் சோர்ந்தாலோ கல்லென்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.