மலிவு மாத்திரையும் மார்பகப் புற்றுநோயும்

2024 ஜூலையில் தாக்கலான மத்திய பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி அடியோடு நீக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், மார்பகப் புற்றுநோய்க்கும் போடப்படும் ஊசி மருந்து. வரி விலக்கு வரவேற்கத் தக்கதே. ஆனால், வரி போன பிறகும் அதன் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. இதே நோய்க்குச் சில ரூபாயில் கிடைக்கும் பழைய மாத்திரை ஒன்றும் உண்டு. அதன் பெயர் டமாக்சிஃபென். அது யாருக்குப் பலிக்கும் என்று சொல்லும் சோதனையைப் பற்றித்தான் பேச்சையே காணோம்.

1896ல் கிளாஸ்கோ டாக்டர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுக்குச் சினைப்பைகளை அகற்றிப் பார்த்ததில் கட்டி சுருங்கியதாக எழுதினார். மற்ற டாக்டர்களும் அவ்வாறே செய்தனர். மூவரில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை. காரணம் புரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உயிரணுக்களில் உண்டு என்று சிகாகோவின் எல்வுட் ஜென்சன் காட்டினார். அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி உள்ள கட்டி ஹார்மோனைத் தின்று வளரும். இல்லாத கட்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

டமாக்சிஃபென் அந்த ஏற்பியைப் போய் அடைத்துக்கொள்கிறது. ஏற்பி உள்ள பெண்கள் ஐந்து ஆண்டு விடாமல் சாப்பிட்டால், இந்நோயால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்குப் பயனில்லை. அவர்களுக்கு நோய் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பும் அபாயமும் அதிகம்.

ஆகவே, அறுத்தெடுத்த சதைத் துண்டில் ஏற்பி 'உண்டு', 'இல்லை' என்று வரும் ஒரு வரி ரிப்போர்ட்டில் உயிரே தொங்குகிறது. அந்த வரி பிசகுவது எளிது. துண்டை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். ஆறு மணிக்குக் குறையாமல், 72 மணிக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். சனிக்கிழமை ஆபரேஷன் செய்துவிட்டு, லேப் திறக்கட்டும் என்று ஃபார்மலின் இல்லாமல் வைத்திருந்தால் ஏற்பி அழிந்துபோகும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வரும். மலிவான மருந்து கிடைக்க வேண்டியவளுக்கு அது எழுதப்படாமலே போகும். தவறு நடந்தது அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

உலகப் புள்ளிவிவரக் கணக்கில் 2022ல் இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இத்தனைக்கும், ஆய்வுக்கூடங்கள் தரச் சான்று பெறுவது இங்கே பொதுவாக அவரவர் விருப்பம்தான்.

பம்பாயில் ஆபரேஷன், திருநெல்வேலியில் மாத்திரை என்று அலையும் நம்மவர் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். சோதித்த துண்டு மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டிருக்கும். ரிப்போர்ட்டில் சந்தேகம் எழுந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி, பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் மறுபரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டின் நகலோடு அதையும் கையில் எடுத்துச் செல்வது உத்தமம்.