பன்னிரு கூடைகளும் பொலித்தீன் பைகளும்



ஆண்டவர் அப்பங்களைப் பலுகச் செய்த நிகழ்வை நற்செய்தியாளர் நால்வரும் எழுதியுள்ளனர். ஆயினும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி அவற்றைச் சேர்க்குமாறு அவர் சீடர்களைப் பணித்ததை யோவான் ஒருவரே குறித்து வைத்துள்ளார் (யோவா 6:12). உண்டு முடித்த இடத்தைக் கூட்டுவதும் அப்புதுமையின் ஒரு பகுதியாகவே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் நம் நாட்டுக் கடைகளில் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்கலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அன்று சகல புனிதர் பெருவிழா. மறுநாள், இறந்த விசுவாசிகளின் நினைவுநாளில், சேமக்காலையை ஆசீர்வதிக்கச் சென்றேன். கல்லறைகளின்மேல் பிளாஸ்டிக் மலர்வளையங்கள் அடுக்கப்பட்டிருந்தன. மெழுகுதிரிகளைச் சுற்றிவந்த பொலித்தீன் உறைகள் காற்றில் பறந்து மதிலோரம் குவிந்து கிடந்தன. முந்திய நாள் பைக்குக் காசு கேட்கிறார்கள் என்று என்னிடம் முறையிட்டவர்களும் அங்கே நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சட்டங்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீன் 2007ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், அவ்வாண்டு செப்டம்பரில் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியன தடைசெய்யப்பட்டன. ஒருமுறை பாவித்து எறியும் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் மாலை ஆகியவற்றுக்கான தடை 2023 ஒக்டோபரில் வந்தது. இடியப்பத் தட்டுங்கூட அப்பட்டியலில் இருந்தது.

இவற்றுள் நம்மை நேரடியாகத் தொடும் ஒரு விதியைப் பலர் அறியார். சமய, சமூக, அரசியல் வைபவங்களில் பொலித்தீன் அலங்காரம் செய்வது 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அப்படியாயின், கொடியேற்றம் முதல் நற்கருணைப் பெருவிழா வரை வீதியெங்கும் நாம் கட்டும் மினுமினுக்கும் தோரணங்கள் எவ்வகையைச் சேர்ந்தவை? புனிதரின் திருச்சொரூபம் பவனி வரும் பாதையை, படைத்தவரின் மண்ணுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் ஒவ்வாத பொருளால் அலங்கரிக்கிறோம். திருவிழா முடிந்ததும் அவற்றை வளவு மூலையில் குவித்துக் கொளுத்துகிறோம். திறந்த வெளியில் இவ்வாறு எரிப்பதும் அதே ஆண்டு தடைசெய்யப்பட்டதே. அப்புகையில் டயொக்சின் போன்ற நச்சுப்பொருட்கள் உண்டு. அயல் வீட்டில் இழுப்பு நோயுடன் படுத்திருக்கும் முதியவரே அதைச் சுவாசிக்கிறார்.

இவ்விடத்தில் ஏழைகளைக் குற்றஞ்சாட்டும் பழக்கம் ஒன்று உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. நாட்கூலிக்குப் போகும் குடும்பம் சம்புவைச் சிறு பைக்கற்றில் வாங்குவது போத்தல் வாங்கப் பணமில்லாமையால். குப்பை வண்டி எட்டிப்பாராத ஒழுங்கையில் வாழ்பவர் தம் குப்பையை எரிப்பதற்கும் காரணம் உண்டு. அவரைக் கண்டிக்குமுன் வண்டியை வரச்செய்வது பிரதேச சபையின் கடன். வரும்படி கேட்பது நம் கடன்.

பெருங்குற்றம் எங்கே நிகழ்கிறது என்பதையும் மறக்கலாகாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பாமுனுகம முதல் நீர்கொழும்புக்கு அப்பாலும் கரை வெண்மையாயிற்று. தொழிலுக்குப் போக முடியாமல் தவித்த மீனவரில் மிகப் பலர் நம் திருச்சபையின் மக்கள். கொழும்பு பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினாலும் மனுதாரராக இருந்த வழக்குகளில், 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது. கப்பல் நிறுவனமோ அதைச் செலுத்தப்போவதில்லை எனச் சில வாரங்களில் அறிவித்தது. இதற்கிடையில், 2025 மே மாதம் கேரளக் கரைக்கப்பால் மூழ்கிய மற்றொரு கப்பலின் மணிகள் மறு மாதமே மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் ஒதுங்கின. பருப்பை விடச் சிறிய அம்மணிகளை மணலிலிருந்து பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை, சல்லடையுடன் குனிந்து நின்றவர்கள் அறிவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 211ஆம் பத்தியில், பிளாஸ்டிக் பாவனையைத் தவிர்ப்பதை அன்றாடக் கடமைகளில் ஒன்றாக வெளிப்படையாகவே குறிப்பிட்டார். ஒரு சுற்றுமடலில் இத்தகைய வீட்டு விடயமா என்று அப்போது சிலர் வியந்தனர். நம் பாட்டிமார் வியந்திருக்கமாட்டார்கள். சந்தைக்கு உமலும் கடகமும் கொண்டு போனவர்கள், பிளாவில் கூழ் குடித்தவர்கள் அவர்கள். பனையோலை நம் வளவுகளில் இன்றும் விழுந்து உக்குகிறது. அதை இழைக்கத் தெரிந்த கைகளே அருகி வருகின்றன.

எம் பங்கிலும் திருவிழாவின் தண்ணீர்ப் பந்தலில் தடைசெய்யப்பட்ட கோப்பைகளே சென்ற முறையும் வைக்கப்பட்டன. என் கண்முன்னேதான். அடுத்த கொடியேற்றத்துக்கு முன் பங்குச் சபை கூடவிருக்கிறது. இருநூறு சில்வர் பேணிகளை வாங்கித் தர ஒரு குடும்பம் முன்வந்துள்ளது. நவநாள் ஒன்பது நாளும் அவற்றைக் கழுவுவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. முதல் நாளுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.