ஒரு வருடச் சம்பளம் போதாது



பெற்றோரின் வருமானம் பிள்ளைகளின் வருமானத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? ஒரு சமூகத்தின் நியாயத்தை எடைபோட இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் எண்ணம். அதை அளப்பதுதான் பெரும்பாடு.

1980-களில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நிம்மதியாக இருந்தார்கள். தந்தை சராசரியைவிட 10 சதவீதம் அதிகம் ஈட்டினால், அதில் மகனிடம் தொடர்வது ஏறத்தாழ 2 சதவீதமே என்றன அன்றைய கணக்குகள். முன்னோரின் வசதியும் வறுமையும் மூன்று தலைமுறைக்குள் கரைந்துவிடும் என 1986-இல் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் எழுதினார்கள்.

அந்தக் கணக்குகளில் பலவும் தந்தையின் ஒரே ஆண்டு வருமானத்தை நம்பியவை. ஒரு வருடம் வேலை போயிருக்கலாம், உடம்பு படுத்தியிருக்கலாம், எதிர்பாராத போனஸ் வந்திருக்கலாம். இந்த ஏற்ற இறக்கம் எதுவும் பிள்ளையைச் சேர்வதில்லை. ஆனால் கணக்கில் புகுந்து, உண்மையான தொடர்பைச் சிறிதாக்கிக் காட்டிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் அதே குடும்பங்களை விடாமல் பின்தொடர்ந்து திரட்டிய தரவைப் பொருளாதார அறிஞர் கேரி சோலன் எடுத்துக்கொண்டார். தந்தையின் வருமானத்துக்கு ஐந்தாண்டுச் சராசரி போட்டார். 2 என்றது 4 ஆனது. அவரது கட்டுரை 1992-இல் வந்தது. பிறகு 2005-இல் பாஷ்கர் மஜும்தர், சம்பளப் பதிவுகளில் இன்னும் நீண்ட சராசரி எடுத்தபோது 6-ஐத் தொட்டது. 6 என்றால் பேரனிடமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும்! ஏழைக் குழந்தையின் பாதை எவ்வளவு செங்குத்தானது என்பதை இத்தனை காலம் மறைத்தது வெறும் அளவுப் பிழை என்பது என்னை உலுக்குகிறது.

வயதும் ஏமாற்றும். 26 வயதில் மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவரைவிடப் பட்டறையில் வேலை செய்பவர் அதிகம் சம்பாதிப்பார். அந்த வயதில் அளந்தால் விடை தலைகீழாகிவிடும். வருமானமே இல்லாதவர்களை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். 2014-இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழுவினர் சுமார் 4 கோடி அமெரிக்கப் பிள்ளைகளின் வரிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தொகையை விட்டுவிட்டு வருமான வரிசையில் பெற்றோரின் இடத்தையும் பிள்ளைகளின் இடத்தையும் ஒப்பிட்டார்கள்; வரிசையில் வருமானமில்லாதவருக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தியாவில் வேறொரு தடை. நம் குடும்பக் கணக்கெடுப்புகள் பொதுவாக ஒரே சமையலில் சாப்பிடுவோரையே ஒரு குடும்பமாக எண்ணுகின்றன. கட்டிக்கொடுத்த மகளும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் பெற்றோர் பக்கத்தில் இடம்பெறுவதில்லை. பெற்றோரோடு தங்கியவர்களை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளந்தால், ஊரைவிட்டு மேலேறியவர்கள் எங்கே?

உங்கள் தாத்தா பாட்டி, பெற்றோர், நீங்கள் என மூன்று தலைமுறை என்ன வேலை பார்த்தீர்கள், என்ன கூலி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். மகள்களையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்