மனையறிவுக் கொடை

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. வாழும் மனையும் வீடு. பற்றற்றார் அடையும் முத்தியும் வீடு. முன்னையது இல்லாதவனுக்குப் பின்னையதைப் போதித்தலாற் பயனில்லை. ஆதலின் வீடில்லார்க்கு வீடமைத்தல் பேரறம் என்பதை எவரும் மறார். ஆயினும் அவ்வறத்துக்குப் பணம் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கட்டும் அறிவும் கொடைப்பொருளே என்பது என் கருத்து.

நெடுநல்வாடை, திசை கண்டு அரண்மனை வகுத்தோரைப் புலவர் என்றே குறிக்கின்றது. பாட்டுக் கட்டுவாரும் வீடு கட்டுவாரும் ஒரு பெயருக்கு உரியராயினர். அப்புலமை அன்று அரசனுக்குப் பயன்பட்டது. இன்று பொருளுடையார்க்குப் பயன்படுகின்றது. ஆனால் அது மிகுதியும் வேண்டப்படுவது வறியவனுக்கன்றோ? செல்வன் பிழைபட எழுந்த சுவரை இடித்து மீளக் கட்டுவான். வறியவனுக்கு அப்பிழை ஆயுட்காலக் கடனாய் முடியும்.

இதனை நம் நாட்டிலேயே கண்டோம். போர் 2009இல் ஓய்ந்தது. 2012 ஒக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாங் கட்டத்தில், குடும்பமொன்றுக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசனை அமர்த்திக் கட்டினர். தொழினுட்ப அலுவலர் வழிகாட்டினர். தம் வீட்டைத் தாமே கட்டினோம் என்னும் மதிப்பு அவர்க்குக் கிடைத்தது. எனினும் கைப்பொருளுக்கு மேற்பட அத்திவாரம் போட்டு, நகையை அடகுவைத்துக் கடன்பட்டோரும் பலர். அத்திவாரத்துக்கு முன்னரே அளவறிந்து சொல்ல ஒருவர் அருகிருந்திருப்பின் அக்கடன்களிற் பல நேர்ந்திரா.

பின்னர், 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டமொன்று 2016இற் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உட்படப் பொறியியலாளர் அதனை ஆராய்ந்து குறைகளை எடுத்துரைத்தனர். செலவு மிகுதி, வெப்பநாட்டுக்கு ஒவ்வாமை, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையின்மை என்பன எழுந்த கண்டனங்கள். வீட்டில் வாழவேண்டியவர் சார்பில் அறிந்தோர் வாய்திறத்தலும் ஒரு கொடையே.

இனி, குடாநாட்டின் நிலையை நோக்குவோம். நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். மலசலகூடக் குழியின் கழிவு அதன் வெடிப்புகளூடே கிணற்றைச் சேரும். சிறு காணியிற் கிணறு எங்கே, குழி எங்கே, எவ்வகைக் குழி என்பதை அறிந்தோரே சொல்லவேண்டும். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு மீண்டோர், கூரையிழந்து மரம் முளைத்த பழஞ்சுவர்களைக் கண்டனர். அத்தகைய சுவரை வைத்திருக்கலாமா, இடிக்கவேண்டுமா? பயின்ற கண் பார்த்துச் சொல்லும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

யான் வேண்டுவது பெரிதன்று. பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. இளைப்பாறிய பொறியியலாளரும் ஓவசியர்மாரும் நம் ஊர்களில் உளர். கைதேர்ந்த மேசன்மாரும் ஓடாவிமாரும் உளர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் வாசிகசாலையிலே இவர்கள் கூடியிருந்து, வருவோர்க்கு ஆலோசனை சொல்லலாகாதா?

ஆயின் சில நெறிகள் வேண்டும். சொல்லுமுன் கேட்கவேண்டும். சாரல் எப்பக்கம் அடிக்கும், அடுப்பு எங்கே எரியும் என்பவற்றை அவ்வீட்டுப் பெண்ணே நன்கறிவாள். மேசனை ஏவலாளாகக் கருதாது உடனாசிரியனாக மதிக்கவேண்டும். படம் வரைந்து கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. அத்திவாரம் இடும்போதும், நிலை வைக்கும்போதும், கூரை ஏற்றும்போதும் சென்று பார்க்கவேண்டும். இடையிற் கைவிடும் கொடை அரைச்சுவர் போன்றது. அது மழையையும் தடுக்காது, வெயிலையும் தடுக்காது.

கூலி பெறாது எழுத்தறிவித்த திண்ணைப்பள்ளி ஆசிரியரை இந்நாடு இன்றும் நன்றியோடு நினைக்கின்றது. தெருவும் குளமும் திருத்த உடலுழைப்பை ஈதலைச் சிரமதானம் என்று போற்றுகின்றோம். மனையறிவும் வித்தையே. அதனைத் தானஞ் செய்வோர் முன்வருவாராக. ஊரார் அவர்க்கு வாசிகசாலைக் கதவைத் திறந்து வைப்பாராக.