கேட்டுக் கற்போம், எழுதி வைப்போம்

எந்தத் தொழிலும் ஏட்டைப் படிப்பதனால் மட்டும் கைவந்துவிடுவதில்லை. காசிமேட்டில் வலை பின்னுவோரும், நம் திருவொற்றியூர் லேத் பட்டறைகளில் வேலை செய்வோரும் மூத்தோரைக் கேட்டுக் கேட்டே தொழில் கற்றனர். இணையதளம் அமைக்கும் தொழிலும் இதற்கு விலக்கன்று என்பதே நம் கருத்து.

பைத்தான் என்னும் கணினி மொழியில் இணையதளம் அமைக்க உதவும் ஜாங்கோவைச் சான்றாகக் கொள்வோம். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் தம் அலுவலகத் தேவைக்காக இதனை எழுதத் தொடங்கினர். 2005 ஜூலையில் அது எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்காகப் பிறந்த அக்கருவியைக் கொண்டே பின்னாளில் இன்ஸ்டாகிராமும் கட்டப்பட்டது. பலரும் பிழைகளைச் சுட்டியும் திருத்தியும் தந்ததனால் வந்த வளர்ச்சி இது.

இத்தொழிலில் உள்ளோர் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகள் சில உண்டு. பயனர் கணக்கின் அமைப்பை முதல் நாளிலேயே தனியாக எழுதிக்கொள். தரவுகள் சேர்ந்த பின் மாற்றுவது பெரும்பாடு. பிழைகளை விரிவாகக் காட்டும் 'டீபக்' வசதியை, தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்படுமுன் மறவாமல் அணைத்துவிடு. இல்லையேல் தளத்தின் உள்விவரங்கள் அயலார் கண்ணில் படும். இரகசியச் சாவியை எவரும் காணும் இடத்தில் வைக்காதே. முன்னே சென்றவர் பட்டறிந்து சொன்ன இவ்வுரைகள், பின்னே வருவோருக்குப் பல இரவுகளை மிச்சப்படுத்துகின்றன.

ஆயினும் அறிவுரைக்கும் வயது உண்டு. ஜாங்கோவில் முகவரிகளை வகுக்க முன்பு 'யூஆர்எல்' என்ற கட்டளை இருந்தது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் 'பாத்' என்னும் எளிய கட்டளை அறிமுகமாயிற்று; 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் பழையது நீக்கப்பட்டது. பழைய குறிப்பை அப்படியே பின்பற்றுபவள் தன் மேல்தான் தவறு என்று எண்ணிச் சோர்வாள். ஆகவே அறிவுரை கூறுவோர் எந்தப் பதிப்புக்குரியது என்பதையும் சேர்த்துக் கூறுதல் கடமையாகும்.

"இந்நாளில் இயந்திரமே விடை சொல்லுகிறதே, மனிதரை ஏன் கேட்க வேண்டும்?" எனச் சிலர் வினவலாம். இயந்திரமும் பழைய விடையைப் புதியதுபோலச் சொல்லக்கூடும். அதனைச் சோதித்தறியக் கற்றுக்கொடுப்பவர் அருகிருக்கும் தோழியும் ஆசிரியையுமே.

பெண்களுக்கு இதில் மற்றொரு தடையும் உண்டு. கேட்டால் நகைப்பார்களோ என்னும் அச்சமே அது. இதனைப் போக்கவே ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்னும் போலந்துப் பெண்மணியர் இருவர் 2014இல் பெர்லினில் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' பயிற்சிப் பட்டறையைத் தொடங்கினர். அது இலவசம், அங்கே எந்தக் கேள்வியும் அற்பமன்று. இந்தியப் பைத்தான் மாநாடும் 2009இல் பெங்களூரில் தொடங்கி, 2019இல் நம் சென்னையிலேயே நடைபெற்றது.

கணினி நிறுவனங்கள் மிகுந்த தென்சென்னை நமக்குத் தொலைவுதான். ஆனால் நமக்குத் தேவையான தளங்களை அங்குள்ளோர் வந்து கட்டித்தர வேண்டுமென்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். எந்தத் தெருவில் நெடி வீசுகிறது, எங்குச் செல்வது பாதுகாப்பு என்று தமிழில் பதியவும் படிக்கவும் ஒரு சிறு தளம் இருப்பின் எத்துணை உதவி! அத்தகைய தளத்தை அமைக்கும் தகுதி இவ்வூர்ப் பெண்களாகிய நமக்கு வரவேண்டும்.

அதற்கு ஒரு வழி கூறுவோம். கணினி அறையில் ஒரு பொதுக் குறிப்பேடு இருக்கட்டும். நேர்ந்த பிழை, முயன்ற வழி, கிடைத்த தீர்வு, பதிப்பு எண், தேதி ஆகியவற்றை அதில் தமிழில் எழுதுவோம். இன்று ஒருத்தி கேட்ட கேள்வி, அடுத்த ஆண்டு வரும் தங்கையருக்குப் பாடமாகட்டும். தோழியரே, கேட்க நாணாதீர், அறிந்ததை மறைக்காதீர்!